நம் பிள்ளைகளின் வகுப்பில் ‘சார்’ எங்கே? இந்தியாவும் இங்கிலாந்தும்: ஓர் ஒப்பீடு

செஞ்சியில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். பையன் நான்காம் வகுப்பு. அரபி எழுத்துகளைக் கூட்டி ஓதுகிறான். ஆனால் தமிழ்ப் பாடநூலில் ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுடைய அத்தா சவூதியில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார்.

“ஹஜ்ரத், இவன் ஸ்கூல்ல எல்லாமே மிஸ்ஸுங்கதான். ஒரு சார் இருந்தா பயந்துக்கிட்டாவது படிப்பான். சார் இருக்குற ஸ்கூல் எதுன்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார் அந்தத் தாய்.

இந்தக் கோரிக்கை எனக்குப் புதிதல்ல. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது தந்தைமார்கள் சொல்வதும் இதுதான். “ஆம்பளைப் பசங்க கெட்டுப் போறதுக்குக் காரணமே பள்ளிக்கூடத்தில் ஆம்பளை வாத்தியார் இல்லாததுதான்” என்று சிலர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ஆண் ஆசிரியர்கள் குறைந்துவிட்டார்களா? குறைந்திருந்தால் அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லையா? ஊகத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கணக்கு புரிய வேண்டுமென்றால் ஒப்பிட இன்னொரு நாடு வேண்டும். நம் மக்கள் பலர் குடியேறியிருக்கும் இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன்.

இரு நாடுகளின் கணக்கு

மத்தியக் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் பள்ளிகளின் புள்ளிவிவரத்தை வெளியிடுகிறது. 2024-25ஆம் கல்வியாண்டில் நம் நாட்டின் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அவர்களில் பெண்கள் நூற்றுக்கு 54.2 பேர். பத்து ஆண்டுகளுக்கு முன், 2014-15இல், இது 46.9ஆக இருந்தது. அதாவது இந்தப் பத்தாண்டுக்குள்தான் இந்தியப் பள்ளிகளில் ஆண்களைப் பெண்கள் முந்தினார்கள்.

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் ஏறத்தாழ 4 லட்சத்து 68 ஆயிரம் ஆசிரியர்கள். நூற்றுக்கு 76 பேர் பெண்கள், 24 பேர் ஆண்கள். இது எல்லா வகுப்புகளையும் சேர்த்த கணக்கு. மழலையர், தொடக்கப் பள்ளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஆண்கள் நூற்றுக்கு 14 பேர்தான். ஏழு ஆசிரியர்களில் ஒருவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வாட்ஸ்அப்பில் வரும் ஒப்பீடுகளில் ஒரு நாட்டின் தொடக்கப் பள்ளிக் கணக்கையும் இன்னொரு நாட்டின் மொத்தப் பள்ளிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பார்த்தீர்களா, எவ்வளவு வித்தியாசம்!” என்பார்கள். அது நெல்லையும் அரிசியையும் ஒரே மரக்காலால் அளப்பது போன்றது. எல்லா வகுப்புக்கும் எல்லா வகுப்பு என்று வைத்தால் இந்தியாவில் ஆண்கள் 46, இங்கிலாந்தில் 24. பாதிக்குப் பாதி வித்தியாசம். இதோடு நின்றால், “நம் நாட்டில் ஆண் ஆசிரியர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், கவலை வேண்டாம்” என்று முடித்துவிடலாம்.

ஆனால் இந்தியா என்பது ஒரே அளவுள்ள நாடல்ல. ராஜஸ்தான், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் ஆண் ஆசிரியர்களே இன்னும் அதிகம். கேரளா, பஞ்சாப், டெல்லி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் பெண்கள் மிக அதிகம். 2019-20ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெண் ஆசிரியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். ஆண்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. நான்கில் மூன்று பேர் பெண்கள். இங்கிலாந்தின் கணக்கும் கிட்டத்தட்ட இதுவேதான்.

ஆக, ஆசிரியர் அறையைப் பொறுத்தவரை செஞ்சிக்கு ஜெய்ப்பூரை விட லண்டன்தான் அருகில் இருக்கிறது. அந்தத் தாய் பார்த்தது உண்மை. சனிக்கிழமைகளில் கோட்டைக்குச் சுற்றுலா வரும் பள்ளிக் கூட்டங்களை ராஜகிரி அடிவாரத்தில் நின்று பார்த்தாலும் இது தெரியும். வரிசைக்கு முன்னும் நடுவிலும் டீச்சர்கள், கடைசியில் விசிலோடு ஒரு பி.டி. சார். கடந்த 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக நம் கோட்டை அறிவிக்கப்பட்ட பிறகு இப்படி வரும் பள்ளிகள் கூடியிருக்கின்றன. வரிசையின் அமைப்பு மட்டும் மாறவில்லை.

இரு வேறு வழிகள்

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வந்த வழி ஒன்றல்ல. சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம் மாணவர்கள் என்று அது காட்டியது. திண்ணைப் பள்ளிக்கூடங்கள், நம் மக்தபுகள் எல்லாம் அதில் அடக்கம். கற்பித்தவர்கள் அனேகமாக எல்லோரும் ஆண்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1950-51இல் இந்தியத் தொடக்கப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் 4 லட்சத்து 56 ஆயிரம், பெண்கள் 82 ஆயிரம். நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். இன்றைய இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியைத் தலைகீழாக நிறுத்தினால் அன்றைய இந்தியா!

இதை மாற்றியது அரசின் திட்டமிட்ட கொள்கை. பெண் குழந்தைகள் பள்ளிக்கு வராததற்கு ஒரு காரணம், அங்கே பெண் ஆசிரியை இல்லாதது. நம் சமுதாயத்துக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. “ஆம்பளை வாத்தியாரிடம் பெண்பிள்ளையை அனுப்புவதா?” என்று வீட்டில் நிறுத்திக்கொண்டவர்கள் நம் பாட்டனார்கள். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், இயன்றவரை ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வித் திட்டம், புதிதாக நியமிக்கப்படுவோரில் பாதிப்பேர் பெண்கள் என்றது. தமிழ்நாடு இன்னும் முன்னே சென்றது. 1989இல் கலைஞர் அரசு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு தந்தது. தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை பெண் ஆசிரியர்களையே நியமிப்பது என்ற கொள்கையும் கலைஞர் ஆட்சி கொண்டுவந்ததுதான். 2021இல் அந்த 30 சதவீதத்தை 40ஆக உயர்த்தும் அறிவிப்பு வந்தது.

இதன் பலனை நம் வீடுகளில் காண்கிறோம். என் தாயார் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். என் மகளுக்கு அப்படி ஒரு நிலை வரவில்லை. இந்த மாற்றத்தில் அந்த டீச்சர்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே முதல் உலகப் போருக்கு முன்பே தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். காரணம் பெண் கல்வி மீதான அக்கறை மட்டுமல்ல. கட்டாயக் கல்வி வந்து பள்ளிகள் பெருகியபோது, பெண்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பல ஊர்களில் திருமணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி. அந்தத் திருமணத் தடை நீங்கியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில். சம ஊதியம் படிப்படியாக வந்து முழுமையடைந்தது 1961இல். அதற்குள் “சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது பெண்கள் வேலை, குறைந்த சம்பள வேலை” என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. சம்பளம் சமமான பிறகும் ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆண்களைச் சேர்க்க அவர்கள் எவ்வளவோ பிரச்சாரம் செய்தும் நூற்றுக்குப் பதினான்கைத் தாண்டுவதே பாடாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் அங்கே உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஆண்கள் ஏழில் ஒருவர். ஆனால் தலைமை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆண். உள்ளே வருகிற சில ஆண்களும் கரும்பலகையை விட்டு நாற்காலிக்கு விரைவாகப் போய்விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்வது தற்காலிகம், பதவிதான் இலக்கு.

நாம் இங்கிலாந்தின் வழியில் வரவில்லை. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கே நாமும் வந்துகொண்டிருக்கிறோம். நம் ஊர் தனியார் நர்சரிப் பள்ளிகளைப் பாருங்கள். அங்கே தருகிற சம்பளத்தில் ஓர் ஆண் குடும்பம் நடத்த முடியாது என்று நிர்வாகத்துக்கும் தெரியும், நமக்கும் தெரியும். படித்த பெண் வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் வரட்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளியிலும் இடைநிலை ஆசிரியர்களின் நிலை இதுதான். 2009 ஜூன் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்றும், அதற்கு முதல் நாள்வரை சேர்ந்தவர்களுக்கு 8,370 ரூபாய் என்றும் வைத்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே பாடம், இரண்டு சம்பளம். இதை எதிர்த்து அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். வேலைவாய்ப்பும் அப்படித்தான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024இல் இடைநிலை ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு வந்தபோது இடங்கள் 1,768. பின்னர் அதை 2,768ஆக உயர்த்தினார்கள். பட்டயம் முடித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அது எம்மாத்திரம்? பிளஸ் டூ முடித்த பையனிடம், “தொடக்கப் பள்ளி வாத்தியார் ஆகு” என்று எந்தத் தந்தை தைரியமாகச் சொல்வார்?

சார் வந்தால் பையன் படிப்பானா?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வகுப்பில் ஆண் ஆசிரியர் இருந்தால் ஆண் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளின் 413 வகுப்புகளை எடுத்து ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண் ஆசிரியரிடம் படித்த பையன்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்கவில்லை. வாசிப்பு, கணிதம், அறிவியல் எதிலும் வித்தியாசம் இல்லை. பெண் ஆசிரியையிடம் படித்த பிள்ளைகளுக்கே பள்ளியின் மீது சற்றுக் கூடுதல் பிரியம் இருந்தது.

நம் அண்டை மாநிலமான ஆந்திராவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், கேதகி சேத் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஐந்தாண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். பெண் ஆசிரியை இருந்த வகுப்பில் பெண் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். ஆண் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் ஏற்படவில்லை.

எனவே, “மிஸ்ஸுங்க இருக்கிறதால பையனுக்கு வாசிக்க வரலை” என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓர் அபாண்டத்தை நாம் அந்தப் பெண்கள் மீது சுமத்தக் கூடாது.

அப்படியென்றால் ஆண் ஆசிரியர்கள் தேவையே இல்லையா? பின்லாந்து நாட்டின் அனுபவம் வேறு பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் ஆண்களுக்கு 40 சதவீத இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1989இல் அதை நீக்கினார்கள். பயிற்சியில் சேரும் ஆண்கள் சடாரென்று 20 சதவீத அளவுக்கு இறங்கினார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆண் ஆசிரியர்கள் கூடுதலாக இருந்த பள்ளியில் படித்தவர்கள் மேற்படிப்புக்குத் தடையில்லாமல் போனார்கள், 25 வயதில் வேலையிலும் நன்றாக நிலைத்தார்கள். இந்தப் பயன் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நான் விளங்கிக்கொள்வது இது. ஆணின் தலையைக் கண்டதும் பையனுக்குப் படிப்பு வந்துவிடாது. ஆனால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து கற்பிக்கிற பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு நன்மை இருக்கிறது. ஒரு தரப்பு முழுவதுமாகக் காணாமல் போவது நல்லதல்ல. அன்று பெண்கள் இல்லாதது குறை. இன்று ஆண்கள் இல்லாமல் போவதும் குறைதான்.

அந்தத் தாய் சொன்ன ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. “பயந்துக்கிட்டாவது” என்றார். சார் வேண்டும் என்று நாம் கேட்பது பல நேரங்களில் பிரம்பு வேண்டும் என்பதற்குத்தான். பிரம்பால் வருவது அடக்கம், வாசிப்பு அல்ல. குழந்தைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே, ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறியதும், பிள்ளை தானாக இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆண் எப்படிப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

வரலாற்றில் நாம்

“மார்க்கப்படி ஆண் பிள்ளைக்கு ஆண்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்” என்று சிலர் சொல்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் பாடம் கேட்ட ஆண்கள் எத்தனை பேர்! ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண் அறிஞரிடம் பெரும் பெரும் ஆலிம்கள் வந்து படித்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஆண்களே என்று நெடுங்காலம் கடைப்பிடித்த சவூதி அரேபியாவே 2019இல் தொடக்க நிலையின் முதல் வகுப்புகளில் சிறுவர்களுக்குப் பெண்கள் கற்பிக்க வழிவிட்டது.

நம் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பத்ரு போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று ஆக்கப்பட்டது. ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை, பத்துப் பிள்ளைகளின் அரிச்சுவடி! சின்னப் பிள்ளைகளின் கல்விக்கு இதைவிடப் பெரிய விலையை யார் வைத்தார்கள்? கைரவான் நகரத்து அறிஞர் இப்னு ஸஹ்னூன் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குழந்தைகளின் ஆசிரியர்களுக்காகத் தனி நூல் எழுதினார். அவர்களின் ஊதியம், விடுமுறை, தண்டனையின் எல்லை எல்லாம் அதில் பேசப்படுகின்றன.

ஆனால் அதே நூற்றாண்டில் பஸராவின் அறிஞர் ஜாஹிழ், பள்ளிப்பிள்ளைகளின் ஆசிரியர்களுக்காக வாதாடி எழுத வேண்டியிருந்தது. ஏன்? “பிள்ளைகளோடு இருந்து இருந்து புத்தி மழுங்கியவர்” என்று மக்துப் ஆசிரியர்களைக் கேலி செய்வது அன்றைய அரபுலகில் பழமொழியாகவே ஆகியிருந்தது. கல்வியைத் தலையில் வைத்துக் கொண்டாடிய சமூகமே, அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரைக் காலடியில் வைத்தது.

இந்தக் கேலி பஸராவோடு முடிந்துவிடவில்லை. மத்ரஸாவில் ஸனது வாங்கி, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறும் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஊரில் மக்தப் உஸ்தாதாகச் சேர்ந்தேன். காலையும் மாலையும் நாற்பது பிள்ளைகள். ஓராண்டு கழித்துச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டேன். நிர்வாகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ஹஜ்ரத், அலிஃப் பே தானே சொல்லிக்கொடுக்குறீங்க. பயான் பண்ற அளவுக்கு வாங்க, பார்க்கலாம்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. என் மீது மரியாதை உள்ளவர்தான். ஆனால் அவர் கணக்கில் பெரியவர்களுக்குப் பேசுவது கல்வி, சிறியவர்களுக்கு எழுத்தைக் காட்டுவது எடுபிடி வேலை.

இங்கிலாந்தின் 14 சதவீதத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. ஆண் ஆசிரியர்களின் எண்ணிக்கை நம் பையன்களின் மதிப்பெண்ணை அளக்கும் கருவி அல்ல. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலைக்கு ஒரு சமூகம் என்ன மதிப்புக் கொடுக்கிறது என்பதை அளக்கும் கருவி. மதிப்பில்லாத வேலையை விட்டு ஆண்கள் விலகுகிறார்கள். விலக வழியில்லாதவர்கள் அதைச் செய்கிறார்கள்.

நம் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மகளை பி.எட். படிக்க வைக்கிறோம். “டீச்சர் வேலைன்னா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம், பாதுகாப்பு” என்கிறோம். கற்பித்தல் உயர்ந்தது என்பதற்காக அல்ல. மகனிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி அலையும்போதுதான், பத்தாவதோடு கடைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய பையன்கள் நம் கண்ணில் படுகிறார்கள். அந்தப் பையன்கள் சிறு வயதில் புத்தகமும் கையுமாக ஓர் ஆணையாவது பார்த்திருப்பார்களா? அத்தா தொலைபேசியில். அண்ணன் பைக்கில். பள்ளியில் டீச்சர். மக்தபில் மட்டும் ஒரு ஹஜ்ரத். அவரும் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார், சம்பளம் பற்றாமல்.

பேசத் தயங்கும் ஒரு விஷயம்

ஆண் ஆசிரியர் வேண்டும் என்று சொல்லும்போது பெற்றோர் மனத்தில் ஓர் அச்சமும் இருக்கிறது. பாலியல் சீண்டல் செய்திகளைப் படித்துவிட்டு, “ஆண்களிடம் சின்னப் பிள்ளையை எப்படி விடுவது?” என்கிறார்கள். இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த எனக்கு உரிமை இல்லை. தவறு செய்தவர்களில் நம் துறையைச் சேர்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை மறைக்கவும் கூடாது.

இங்கிலாந்தில் பள்ளியில் வேலைக்குச் சேரும் எவரும், ஆணோ பெண்ணோ, குற்றப் பின்னணிச் சோதனையைக் கடக்க வேண்டும். அதை அவமானமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நம் நாட்டில் 2012இலேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. நம் மக்தபுகளில் என்ன ஏற்பாடு இருக்கிறது? கதவு திறந்திருக்கட்டும். ஒரு பிள்ளையைத் தனியே அறையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். புதிதாக வரும் உஸ்தாதைப் பற்றி முன்பு இருந்த ஊரில் விசாரித்து எழுதி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல உஸ்தாதுக்கு இதில் எந்த இழுக்கும் இல்லை. அவர் மீதுள்ள நம்பிக்கையைக் காப்பதே இந்த ஏற்பாடுதான்.

நாம் என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம், காலியிடங்களை நேரத்தோடு நிரப்புவது ஆகியவற்றை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் காத்திராமல் நம் கையில் இருப்பவையும் உண்டு.

முதலாவது, மக்தப் உஸ்தாதின் ஊதியம். பள்ளிவாசல் மினாராவுக்குப் பெயிண்ட் அடிக்க வசூல் செய்ய முடிகிற ஜமாஅத்துக்கு, பிள்ளைகளின் ஆசிரியர் குடும்பம் நடத்தும் அளவுக்குத் தர முடியாதா?

இரண்டாவது, பிள்ளைகளை விரும்பும், பொறுமையுள்ள பையன் நம் வீட்டில் இருந்தால், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு என்று இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது, அதற்குப் பின் தகுதித் தேர்வின் முதல் தாள் எழுதலாம் என்று அவனிடம் சொல்லவாவது செய்வோம். காலியிடம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ஜமாஅத் கல்வி உதவித்தொகையில் பொறியியலுக்குத் தருவதில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அரசுப் பள்ளியில் நடக்கும் இந்தக் கூட்டங்களில் தந்தைமார்களைக் காண்பது அரிது. 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. கொரோனாவில் பிள்ளைகள் மறந்த எழுத்தை மீட்க, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரங்களில் பாடம் சொன்ன தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் தெருவிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் நம் இளைஞர்கள் டீக்கடையில் இருந்தார்கள்.

நான்காவது, தந்தை. இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

அந்தத் தாயிடம், “சார் இருக்கிற பள்ளியைத் தேட வேண்டாம்மா. இவனுடைய டீச்சரைப் போய்ப் பாருங்கள், எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று கேளுங்கள்” என்றேன். அவர் போனார். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் கலக்கும் இடத்தில்தான் பையன் திணறுகிறான் என்று அந்த டீச்சர் சரியாகச் சொல்லி, தனியே ஒரு நோட்டும் போட்டுக்கொடுத்திருக்கிறார். மக்தப் முடிந்ததும் பத்து நிமிடம் அந்த நோட்டை நான் பார்க்கிறேன். அவன் அத்தாவிடமும் பேசினேன். சவூதியிலிருந்து இரவு வீடியோ அழைப்பு வரும்போது, “சாப்பிட்டியா, சேட்டை பண்ணாதே” என்பதோடு நிறுத்தாமல், அன்றைய பாடத்தில் நான்கு வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். “நானே எட்டாவதுதான் ஹஜ்ரத், எனக்கே தப்பாயிடுமே” என்றார். “தப்பாகட்டும். அத்தாவும் கூட்டிக் கூட்டி வாசிப்பதைப் பையன் பார்க்கட்டும்” என்றேன்.

இப்போது அவன் ஒரு பத்தியை வாசிக்கிறான். இன்னும் நிறுத்தி நிறுத்தித்தான். அவன் வகுப்பில் இன்றும் சார் இல்லை.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்டுவோரின் கண்ணியத்தை நம் உள்ளங்களில் வல்ல ரஹ்மான் விதைப்பானாக. ஆமீன்.